கிளீன்அப் பேட்ச்சுக்கு என்ன தலைப்பு இடுவது?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்கு முதன்முதலாகப் பங்களிக்க விரும்புவோர் பெரும்பாலும் கிளீன்அப் பேட்ச்சிலிருந்தே, அதாவது நிரலின் நடத்தையை மாற்றாமல் அதைத் துப்புரவாக்கும் சிறு மாற்றத்திலிருந்தே, தொடங்குகிறார்கள். திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கற்கும் தம்பி தங்கையர் சிலர் சனிக்கிழமைகளில் மடிக்கணினியோடு உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வருவதுண்டு. எழுதியதை, கேர்னலின் அந்தந்தப் பகுதியைக் கவனிக்கும் பராமரிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புமுன் சேர்ந்திருந்து ஒருமுறை வாசிப்போம். அப்போது நிரலைப் பற்றி எழும் கேள்விகளைவிட, அதற்கு என்ன தலைப்பு இடுவது, அடியில் எந்த வரியைச் சேர்ப்பது என்ற கேள்விகளே அதிகமாக எழுகின்றன. அவற்றை நான் சிறிய கேள்விகளாக நினைப்பதில்லை. நிரலின் மாற்றத்தை வரி வரியாக வாசிப்பவர்கள் சிலரே. தலைப்பையும் அடிவரிகளையும் மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களோ பலர்.

தலைப்பின் அமைப்பு எளிமையானது. சதுர அடைப்புக்குள் ‘பேட்ச்’ என்ற சொல், அதன்பின் எந்தப் பகுதியைத் தொடுகிறோம் என்ற முன்னொட்டு, பின்னர் செய்த வேலையைக் கட்டளை வடிவில் கூறும் சொற்றொடர். முன்னொட்டும் சொற்றொடரும் சேர்ந்து 70 முதல் 75 எழுத்துகளுக்குள் அடங்கவேண்டும். முன்னொட்டை ஊகித்து எழுதவேண்டியதில்லை. மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் அந்தக் கோப்பின் ‘கிட் லாக்’ வரலாற்றைப் பார்த்தால் அங்குள்ளவர்கள் எப்படி எழுதிவருகிறார்கள் என்பது தெரிந்துவிடும். ‘எச்சரிக்கையை நீக்கு’ என்பது நல்ல தலைப்பு அல்ல. ‘கே-ஃப்ரீக்கு முன்னுள்ள தேவையற்ற நல் சோதனையை அகற்று’ என்பது நல்ல தலைப்பு, ஏனெனில் அது நிரலில் நிகழ்ந்ததைச் சொல்கிறது. (கே-ஃப்ரீ என்பது நினைவகத்தை விடுவிக்கும் செயற்கூறு; நல் என்பது எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டி.) செக்பேட்ச் என்ற சோதனைக் கருவி குறை சொன்னது என்பது மாற்றத்துக்கான காரணம் ஆகாது. அந்தக் குறை ஏன் குறை என்பதே செய்தியின் உடலில் இடம்பெற வேண்டும்.

அதற்கும் முன்னால், கையில் இருப்பது உண்மையிலேயே கிளீன்அப்தானா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். கே-ஃப்ரீ நல் சுட்டியைத் தானாகவே தாங்கிக்கொள்ளும் என்பதால், அதற்கு முன்னுள்ள சோதனையை எடுத்துவிட்டாலும் நிரலின் நடத்தை மாறாது. அது தூய கிளீன்அப். ஆனால், எழுத்துகளை எண்ணாக மாற்றும் பழைய சிம்பிள்-ஸ்ட்ர்டோலுக்குப் பதிலாகக் கே-ஸ்ட்ர்டோலை இடும்படி அதே செக்பேட்ச் பரிந்துரைக்கும்போது கதை வேறாகிவிடுகிறது. பழையது ‘12ஏபிசி’ என்ற உள்ளீட்டைப் பெற்றால் 12 என்று ஏற்றுக்கொள்ளும். புதியது பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். எங்கோ ஒரு பயனர் நிரல் பல ஆண்டுகளாக அப்படி ஒரு மதிப்பை, கேர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் எழுதி வந்திருந்தால், அது அன்றோடு நின்றுபோகும். பயனர் பக்கத்து நிரலை உடைக்கக்கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எவ்வளவு உறுதியானவர் என்பது எல்லோரும் அறிந்ததே. விழித்தபடியே சிறிது காத்திருக்கும் யு-டிலேயை, உறங்கிக் காத்திருக்கும் யு-ஸ்லீப்-ரேஞ்சாக மாற்றுவது இன்னும் ஆபத்தானது: ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்திருக்கும் இடத்தில் உறங்கக்கூடாது என்பதால், அங்கே செய்யப்படும் அந்த ‘அழகுபடுத்தல்’ புதிய பிழையாகிவிடும். குறிப்பிட்ட வன்பொருள் கையில் இல்லாதவர்கள் இத்தகைய மாற்றங்களைத் தொடாதிருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. வெற்றிடங்களையும் தாவல்களையும் மட்டும் சீராக்கியிருந்தால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் தொகுத்துக் கிடைக்கும் ஆப்ஜெக்ட் கோப்புகளை (இயந்திர மொழிக் கோப்புகளை) ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவை ஒரேமாதிரி இருந்தால் அதையே செய்தியில் எழுதிவிடலாம். வாசிப்பவருக்கு அந்த ஒரு வரி பெரும் நிம்மதி.

அடிவரிகளில் அதிகம் தவறாகப் பயன்படுவது ‘ஃபிக்ஸஸ்’. பிழையை எந்தக் கொமிட் (கிட்டில் பதிந்த மாற்றம்) கொண்டுவந்தது என்பதை, அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளோடும் தலைப்போடும் சேர்த்துக் குறிப்பதற்கே அந்த வரி இருக்கிறது. தன் வேலைக்குக் கனம் சேரும் என்று எண்ணி, எழுத்துப்பிழை திருத்தத்துக்குக்கூடச் சிலர் அதை ஒட்டிவிடுகிறார்கள். பழைய பதிப்புகளைப் பராமரிக்கும் ஸ்டேபிள் குழுவினர் அந்த வரியைப் பார்த்துத்தான் எதைப் பழைய பதிப்புகளுக்குக் கொண்டுபோவது என்று பெரும்பாலும் ஆராய்கிறார்கள். பயனருக்குப் பலனில்லாத எழுத்துப்பிழை, வெற்றிடத் திருத்தங்களை ஏற்பதில்லை என்று அவர்களின் விதியே சொல்கிறது. அப்படியிருக்க, பொருந்தாத ‘ஃபிக்ஸஸ்’ வரி ஒன்று, மருத்துவமனை ஒன்றின் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கேர்னலுக்குத் தேவையற்ற மாற்றம் ஒன்றைக் கொண்டுசேர்க்கக்கூடும். குறைந்தபட்சம், ஏற்கெனவே களைத்திருக்கும் ஒருவரின் நேரத்தையாவது எடுத்துவிடும்.

கிளீன்அப் செய்துகொண்டிருக்கும்போது உண்மையான பிழையே கண்ணில் பட்டால் இரண்டையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. தொடராக அனுப்புங்கள், பிழைத்திருத்தம் 1/2 ஆகவும் கிளீன்அப் 2/2 ஆகவும் இருக்கட்டும். வரிசை தலைகீழானால், திருத்தத்தைப் பழைய பதிப்புக்கு எடுத்துச் செல்பவர் கிளீன்அப்பையும் சுமந்து செல்லவேண்டியிருக்கும்.

‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி வேறு வகையானது. இந்த நிரலை இந்த உரிமத்தின்கீழ் தர எனக்கு உரிமை உண்டு என்ற சான்று அது. லினக்ஸில் தன் நிரல் கலந்திருப்பதாகக் கூறிய எஸ்சிஓ நிறுவனத்தின் வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில், 2004இல், இந்த நடைமுறை வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பரீட்சைச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் வரும். மின்னஞ்சலில் தந்தை பெயர் பின்னால் வரும். கிட் அமைப்பில் மூன்றாவதாக ஒரு வடிவம் இருக்கும். அனுப்புநர் பெயரும் இந்த வரியிலுள்ள பெயரும் பொருந்தாவிட்டால் செக்பேட்ச் எச்சரிக்கும். ஏதேனும் ஒரு வடிவத்தைத் தெரிவுசெய்து அதையே எங்கும் வைத்துக்கொண்டால் போதும்.

சிறிய பேட்ச்சை ஏன் இவ்வளவு ஐயத்தோடு பார்க்கிறார்கள் என்று தங்கை ஒருத்தி கேட்டாள். 2021இல், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர்கள், பிழையை ஒளித்துவைத்த சிறு திருத்தங்களை ஆய்வுக்காக அனுப்பியிருந்தது பெரும் சர்ச்சையானது; அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து முன்னர் வந்திருந்த கொமிட்டுகள் பலவற்றை மீண்டும் ஆராயவேண்டி வந்தது. பராமரிப்பாளரின் கடுமையை எங்கள்மீதான வெறுப்பாக எடுத்துக்கொள்ளவேண்டாம் என்று அவளுக்குச் சொன்னேன்.

அவள் இப்போது, இன்னும் முழுமையாகச் சீராகாத நிரல்களை வைக்கும் ஸ்டேஜிங் அடைவிலுள்ள ட்ரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) ஒன்றை வாசித்துவருகிறாள். அங்குள்ள ட்ரைவர்கள் பலவற்றில் செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியலிடும் ‘டு-டு’ கோப்பு இருக்கும். புதியவர்கள் தொடங்க அதுவே சிறந்த இடம். முதல் பேட்ச்சைப் பிரித்து அனுப்பும்படி பதில் வந்திருக்கிறது. இரண்டாம் பதிப்பில் எதை மாற்றினாள் என்பதை மூன்று கோடுகளுக்குக் கீழே எழுதச் சொல்லியிருக்கிறேன். அங்கே எழுதுவது கொமிட் வரலாற்றில் பதியாது, பரிசீலிப்பவருக்கு மட்டும் தெரியும். அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் இரண்டு வார மெர்ஜ் வின்டோ இப்போது திறந்திருப்பதால், அது மூடி, முதல் சோதனைப் பதிப்பான ஆர்சி-1 வெளியான பிறகே அதை அனுப்புவாள்.