ஒரு புள்ளியை விட்டு எழுதிய வாரம்

சீனத் தூரிகை எழுத்துப் பயிற்சியில் இது எனக்கு மூன்றாவது மாதம். முதல் இரண்டு மாதமும் வெறும் கோடும் புள்ளியும்தான் போட்டேன். ஆட்டு முடித் தூரிகை துவண்டு துவண்டு விழுந்ததால் சற்று விறைப்பான கலப்பு முடிக்கு மாறிவிட்டேன். எழுதுவது பழைய செய்தித்தாளில். மை கொஞ்சம் ஊறும், பரவாயில்லை.

இந்த மாதம் 'சியன்ஸீ வென்' தொடங்கினேன். ஆயிரம் எழுத்துப் பாட்டு. 6ஆம் நூற்றாண்டில் சோ சிங்ஸு கட்டியது. நாலு நாலு எழுத்தாக 250 அடி. சீனப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக எழுத்து பழகிய பாட்டு இது. முதல் அடி: தியென், தி, ஷுவான், ஹுவாங். வானம், பூமி, கருமை, மஞ்சள்.

மூன்றாவது எழுத்தில் நின்றுவிட்டேன். 'ஷுவான்' எழுத்துக்கு ஐந்து கோடு. கடைசியாக வலது கீழே ஒரு புள்ளி. நான் பார்த்து எழுதிய சிங் அரச காலத்து மரக்கட்டை அச்சின் படத்தில் அந்தப் புள்ளியே இல்லை. அச்சு தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த பக்கங்களில் வேறு எழுத்துக்குள் உறுப்பாக வந்த இடத்திலும் இல்லை.

தேடிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. 1661 முதல் 1722 வரை ஆண்ட காங்ஷி பேரரசரின் இயற்பெயர் ஷுவான்யே. பேரரசரின் பெயரெழுத்தை முழுதாக எழுதக் கூடாது. ஒன்று, வேறு எழுத்தைப் போட வேண்டும். அல்லது கடைசிக் கோட்டை விட்டுவிட வேண்டும். பெய்ஜிங் அரண்மனையின் வடக்கு வாசல்கூட இதனால்தான் ஷுவான்வூ என்ற பெயரை இழந்து ஷென்வூ ஆனது. பெற்றோர், முன்னோர் பெயரையும் வீட்டில் இப்படித்தான் தவிர்த்தார்கள். அதில் அன்பு இருந்தது. அரசர் விஷயத்தில் உயிரே போனது: வாங் ஷிஹோவ் என்ற அறிஞர் தம் அகராதியில் அரசர்களின் பெயர்களை முழுதாக அச்சிட்டார். எதைத் தவிர்க்க வேண்டும் என்று இளையவர்களுக்குக் காட்டத்தான். 1777இல் அவருக்கு மரண தண்டனை. படித்த அன்று தூரிகையைத் தொட மனம் வரவில்லை.

மறுநாள் புள்ளி இல்லாமலே இருபது முறை எழுதினேன். நான்காவது கோடு முடிந்ததும் கை தானாக வலப்பக்கம் போகிறது. நிறுத்துவதுதான் கஷ்டம். புள்ளி இல்லாத எழுத்து இடப்பக்கம் சாய்ந்தாற்போல் இருக்கிறது. அந்த எடையைத் தாங்கியதே கடைசிப் புள்ளிதான் என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அப்புறம் புள்ளியோடு எழுதினேன். தூரிகை நுனியை வைத்து, அழுத்தி, மெல்லத் திருப்பி எடுத்தால் எழுத்து நிமிர்ந்து உட்காருகிறது. இத்தனை நாள் புள்ளியை அவசரமாகக் குத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறேன். சரி, அடுத்தது 'ஹுவாங்'. பழைய வடிவில் 12 கோடு. நடுவில் வரும் பெட்டி இன்னும் கோணலாகத்தான் விழுகிறது.