லெந்து நாட்களில் யாக்கோபின் வீடு

மார்ச் 5, 2025, புதன்

லெந்து ஆரம்பம், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக்காலம். அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்கள், வாசிக்கக் கூடாது, அதனால் ராத்திரி ஜெபத்துக்கு முன்னால் நான் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. எங்கிருந்து ஆரம்பிக்க என்றேன். யாக்கோபிலிருந்து. "குடும்பம்னா என்னன்னு தெரியணும்லா" என்றார்கள். எனக்குச் சொன்னதா பொதுவாகச் சொன்னதா, தெரியவில்லை.

வேதாகமத்தின் முதல் புத்தகம், ஆதியாகமம் 25, 27. ஈசாக்குக்கும் ரெபெக்காளுக்கும் இரட்டைப் பிள்ளைகள், மூத்தவன் ஏசா, இளையவன் யாக்கோபு. ஈசாக்குக்கு வேட்டைக்கறி பிடிக்கும், அதனால் ஏசாவைப் பிடிக்கும். ரெபெக்காளுக்கு யாக்கோபைப் பிடிக்கும், ஏன் என்று வசனத்தில் இல்லை. கையிலும் கழுத்திலும் ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தைப் பெற, கண் மங்கிப்போன தகப்பனை யாக்கோபு ஏமாற்றும் இடம் வந்தபோது அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்கள்.

மார்ச் 6, வியாழன்

இன்று 29. பெயெர்செபாவிலிருந்து ஆரானுக்கு நேர்கோடு போட்டு அளந்தாலே 700 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஆரான் இன்றைக்குத் துருக்கியில், சிரியா எல்லையை ஒட்டி இருக்கிறது. அண்ணனுக்குப் பயந்து அவ்வளவு தூரம் ஓடி வந்தவன் கிணற்றடியில் பார்ப்பது தாய்மாமன் மகள் ராகேலை. முறைப்பெண். இந்த உறவை நமக்கு யாரும் விளக்க வேண்டாம்.

ராகேலுக்காக ஏழு வருஷம் வேலை செய்தும், கல்யாண ராத்திரியில் அவள் அப்பா லாபான் கொண்டுவந்து விட்டது மூத்தவள் லேயாளை. கேட்டால், மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை என்கிறான். "இதை முதல்லயே சொல்லத் தெரியாதா, தாய்மாமன் செய்யிற காரியமா இது" என்று அத்தைக்குக் கோபம். எனக்கு லேயாள்தான் உறுத்தினாள். யாக்கோபு ஏமாந்தான் என்றே காலங்காலமாகப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த ராத்திரி அவளை அனுப்பினார்களே, அவளிடம் யாராவது கேட்டார்களா? அவளுக்குக் கண் 'கூச்சப்பார்வை' என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. எபிரெயச் சொல்லுக்கு மென்மை என்றும் அர்த்தம் உண்டு. "எனக்கும் இப்ப அதே பார்வைதான்" என்றார்கள் அத்தை.

மார்ச் 8, சனி

30ஆம் அதிகாரம். ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை, பிள்ளை பிறந்துகொண்டே இருக்கிறது. கதையின் ஓட்டப்படி பார்த்தால், ராகேலையும் கட்டிக்கொண்டு அவளுக்காக வேலை செய்த இரண்டாவது ஏழு வருஷம் முடிவதற்குள், லேயாள், ராகேல், அவர்கள் வேலைக்காரிகள் சில்பாள், பில்காள் என்று நான்கு பெண்களுக்குப் பதினொரு ஆண்பிள்ளைகள். கூட மகள் தீனாள் வேறு.

பெயர்களைக் கவனித்தால் பாவமாக இருக்கிறது. இனி என் புருஷன் என்னை நேசிப்பான் என்று ரூபன், நான் வெறுக்கப்பட்டதைக் கர்த்தர் கேட்டார் என்று சிமியோன், இந்தத் தடவையாவது என்னோடு சேர்ந்திருப்பான் என்று லேவி. புருஷனுக்கு எழுதிய மனுக்களைப் பிள்ளைகள் ஆயுசுக்கும் சுமக்கிறார்கள். நாலாவது யூதாவில்தான் புருஷன் பேச்சே இல்லை, கர்த்தரைத் துதிப்பேன், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தத் தூதாயீம் கனி. கோதுமை அறுப்பு நேரம், சின்னப் பையன் ரூபன் வயலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி வந்து அம்மாவிடம் கொடுக்கிறான். மஞ்சளாக, உருண்டையாக, வாசனையாக இருக்கும் பழம். சாப்பிட்டால் கரு தரிக்கும் என்று அந்தக் காலத்து நம்பிக்கை. பிள்ளையில்லாத ராகேல் அதைக் கேட்கிறாள். என் புருஷனை எடுத்துக்கொண்டது போதாதா, என் பிள்ளையின் பழமும் வேண்டுமா என்கிறாள் லேயாள். சரி, இன்றைக்கு ராத்திரி அவர் உன்னிடம் வரட்டும் என்று ராகேல் பேரம் முடிக்க, சாயங்காலம் வயலிலிருந்து வருகிறவனை லேயாள் வழியிலேயே போய் நின்று கூப்பிடுகிறாள், உம்மை நான் பழத்துக்கு வாங்கிவிட்டேன் என்று. பழம் கொண்டுவந்த பையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு எங்கே நின்றான் என்றுதான் எனக்கு யோசனை.

மார்ச் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்து கொஞ்சம் தேடிப் படித்தேன். இராக்கில் கிர்குக் பக்கம் நூசி என்ற இடத்தில் 1925 முதல் 1931 வரை தோண்டியிருக்கிறார்கள். அங்கே கிடைத்த களிமண் பலகை ஒன்றில் ஒரு கல்யாண ஒப்பந்தம்: மனைவிக்குப் பிள்ளை இல்லையென்றால் அவளே புருஷனுக்கு ஓர் அடிமைப்பெண்ணைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஆக பில்காளையும் சில்பாளையும் கொடுத்தது அந்தச் சீமையில் யாரும் மூக்கில் விரல் வைக்கிற விஷயமில்லை. ஆனால் அந்த இரண்டு பேரும் ஆதியாகமத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு பிள்ளைகளைப் பெற்றார்கள், நாலு பேருக்கும் பெயர் வைத்ததும் எஜமானிகள்தான்.

மார்ச் 11, செவ்வாய்

31. மாமனாரும் மருமகனும் சம்பளச் சண்டை. பகலில் வெயில், ராத்திரியில் குளிர், தூக்கமில்லை, பத்து முறை சம்பளத்தை மாற்றினாய் என்று இருபது வருஷக் கணக்கை யாக்கோபு கொட்டுகிறான். ராகேல் அப்பாவின் வீட்டுத் தெய்வச் சுரூபங்களைத் திருடி, ஒட்டகச் சேணத்துக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, எனக்கு மாதவிலக்கு, எழுந்திருக்க முடியாது என்கிறாள். அத்தை சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

மார்ச் 14, வெள்ளி

32, 33. யாக்கோபு குடும்பத்தோடு ஊருக்குத் திரும்புகிறான், எதிரே ஏசா 400 பேரோடு வருகிறான். முன்னால் அனுப்பும் வெகுமதியை அத்தை விரல் விட்டு எண்ணச் சொன்னார்கள்: வெள்ளாடு 220, செம்மறி 220, பால் ஒட்டகம் 30, பசு 40, காளை 10, கழுதை குட்டியோடு 30. மொத்தம் 550, ஒட்டகக் குட்டிகளைச் சேர்க்காமல்.

ஆனால் என்னை உலுக்கியது 33இன் ஆரம்பம். ஏசா கண்ணில் பட்டதும் யாக்கோபு தன் குடும்பத்தை வரிசையாக நிறுத்துகிறான். முன்னால் வேலைக்காரிகளும் அவர்கள் பிள்ளைகளும், அடுத்து லேயாளும் அவள் பிள்ளைகளும், கடைசியில், வெட்டு விழுந்தாலும் எட்டாத இடத்தில், ராகேலும் அவள் பிள்ளை யோசேப்பும். அவனே எல்லோருக்கும் முன்னால் நடந்து போனான், அதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் வேலைக்காரிகளின் பிள்ளைகள் தாண், நப்தலி, காத், ஆசேர் நாலு பேரும் தங்களுக்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருப்பார்கள்தானே. யோசேப்பு மேல் அண்ணன்மாருக்கு வந்த பகைக்கு, அப்பா அவனுக்குச் செய்து கொடுத்த அந்தப் பலவருண அங்கியைக் காட்டுவோம். அங்கி தைப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே, ஒரு காலை நேரத்தில், அந்தப் பிள்ளைகளுக்கு அவரவர் விலை தெரிந்துவிட்டது.

மார்ச் 15, சனி

விருந்தாட்கள். வாசிக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

தீனாள் கெடுக்கப்பட்ட 34 வேண்டாம், பேத்தி முழித்திருக்கிறாள் என்றார்கள். பிறகு தனியாக வாசித்தேன். தீனாளும் ஒரு வார்த்தை பேசவில்லை.

35இல் ரெபெக்காளின் தாதி தெபொராள் சாகிறாள். கர்வாலி மரத்தடியில் அடக்கம், அந்த மரத்துக்கு அழுகையின் பெயர். ரெபெக்காள் செத்ததைச் சொல்ல ஒரு வசனம் இல்லை, அவளை வளர்த்தவளுக்கு இருக்கிறது! அதே அதிகாரத்தில் எப்பிராத்தாவுக்குப் போகிற வழியில் பென்யமீனைப் பெற்று ராகேல் செத்துப்போகிறாள். அப்புறம் ரூபன் பில்காளிடம் போன விஷயம். இஸ்ரவேல் (யாக்கோபின் இன்னொரு பெயர்) அதைக் கேள்விப்பட்டான், அவ்வளவுதான் இருக்கிறது. யாக்கோபு அதைப் பேச எடுத்தது சாகும்போதுதான்.

மார்ச் 20, வியாழன்

முடித்தோம். எகிப்தில் கட்டிலில் படுத்துக்கொண்டு, 147 வயதில், யாக்கோபு என்னை மக்பேலா குகையில் அடக்கம்பண்ணுங்கள் என்கிறான். ஆபிரகாமும் சாராளும் அங்கே, ஈசாக்கும் ரெபெக்காளும் அங்கே, "அங்கே லேயாளையும் அடக்கம்பண்ணினேன்."

"லேயாள் எப்பம்மா செத்தா?"

பின்னால் புரட்டிப் பார்த்தேன். இல்லை. இந்த ஒரு வரிதான், அத்தை.

"திரும்ப வாசி."

வாசித்தேன். சொட்டு மருந்து விட நேரமாகிவிட்டது, கண்ணாடியைக் கழற்றி, தலையைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருந்து இறங்கும் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்தப் பில்காளை எங்க வச்சாங்க?" என்றார்கள்.