மாதிரியின் எடை

2021ஆம் ஆண்டு மார்ச் மாத இருப்பைச் சரிபார்த்தபோது 3.6 கிராம் உலர்ந்த கஞ்சா குறைந்தது. ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற சிறிய உற்பத்தி நிறுவனம் ஒன்றில் இருப்புக் கணக்கையும் அரசுக்கு அனுப்பும் அறிக்கைகளையும் நான் பொறுப்பேற்று அப்போது ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. காப்பறையில் நாற்பது கிலோவுக்கு மேல் சரக்கு இருந்தது. அதில் 3.6 கிராம் என்பது அரிசிக் கடையாக இருந்தால் கடை சாத்தும்போது விளக்குமாற்றால் கூட்டித் தள்ளுகிற அளவுதான். ஆனால் கனடாவின் கஞ்சா ஒழுங்குவிதிகளின்படி, வழக்கமான தொழில் நடைமுறையைக் கொண்டு விளக்க முடியாத இழப்பு தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கும், 10 நாட்களுக்குள் எழுத்து மூலமாக ஹெல்த் கனடா என்னும் மத்திய சுகாதாரத் துறைக்கும் தெரிவித்தாக வேண்டும். ஆகவே அந்த 3.6 கிராம் எங்கே போனது என்பதை மறுநாள் மாலைக்குள் நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எங்கே தேடுவது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. பெரிய சரக்கில் கணக்குப் பிசகுவது அரிது. அதை இரண்டு பேர் நிறுக்கிறார்கள், முத்திரை இடுகிறார்கள், காப்பறைக்குள் யார் போனார் என்பதும் பதிவாகிறது. பிசகுவது சோதனைக்காக எடுக்கும் மாதிரிகளில்தான். பையிலிருந்து வெளியே எடுத்த கணத்திலேயே மாதிரியைச் செலவழிந்துவிட்ட பொருளாக எல்லோரும் மனத்துக்குள் கழித்துவிடுகிறார்கள். கணக்கேட்டில் கழிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்தத் தொழிலில் செல்லாது. ஒரே செடியில் வெளிச்சம் பட்ட உச்சி மொட்டுக்கும் கீழ்க்கிளை மொட்டுக்கும் வீரியம் ஒன்றாக இருப்பதில்லை. எனவே ஓர் அறுவடைத் தொகுதியின் பல பைகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்து, அதை இரு பங்காக்கி, ஒரு பங்கை வெளி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். நுண்ணுயிர், கன உலோகம், பூச்சிக்கொல்லி எச்சம், போதை தரும் பொருளான டிஎச்சியின் அளவு ஆகியவற்றை அவர்கள் பார்ப்பார்கள். அந்த ஆய்வுகூடமும் உரிமம் பெற்றது என்பதால், தங்களுக்கு வந்த எடையை அவர்களும் தனியாகப் பதிவு செய்கிறார்கள். நான் 20.0 கிராம் அனுப்பியதாக எழுத, அவர்கள் 19.8 கிராம் கிடைத்ததாக எழுதினால், அரசுப் பரிசோதகர் இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்துவிடலாம். வருமானத் துறைக்குப் போகிற கலால் வரி அறிக்கையோ இவற்றுக்குப் புறம்பான இன்னொரு கணக்கு. எனக்குத் தூக்கம் கெட்ட இரவுகளில் பெரும்பாலானவை இந்த 0.2 கிராம்களால் கெட்டவைதான்.

மற்றப் பங்கு எங்களிடமே இருக்கும் வைப்பு மாதிரி. அந்தத் தொகுதியின் எந்தப் பகுதியும் கடைசியாக விற்கப்பட்ட நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு அதை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. புதிதாக வந்தவர்களுக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மாதிரியைப் பெட்டிக்குள் வைக்கும் நாளில் அதை எப்போது அழிக்கலாம் என்பது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கடைசிக் குப்பி விற்ற பிறகுதான் அந்த ஓராண்டே தொடங்குகிறது. விற்பனை மந்தமான தொகுதியின் மாதிரி மூன்று ஆண்டுகள்கூட அலமாரியில் கிடக்கும். கிடக்கும் காலமெல்லாம் அது காய்ந்துகொண்டும் இருக்கும். 10.00 கிராம் என்று எழுதி வைத்த பை, அழிக்க எடுக்கும் நாளில் தராசில் 9.7 கிராம் காட்டும். யாரும் எதையும் எடுக்கவில்லை, ஈரம் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆயினும் சாட்சிகள் இருவர் முன்னிலையில், கமெராவுக்குக் கீழே, யாரும் மறுபடி பயன்படுத்த முடியாதபடி பூனை மணலும் (பூனைக் கழிவுத் தட்டில் போடுவது) தண்ணீரும் சேர்த்துக் குழைக்கும்போது எந்த எடையை எழுதுவது? பழைய எடையை எழுதினால் இல்லாத பொருளை அழித்ததாக ஆகும். புதிய எடையை மட்டும் எழுதினால் 0.3 கிராம் காற்றில் மறைந்ததாக ஆகும். அழிப்பதற்கு முன் மறுபடி நிறுத்து, வித்தியாசத்தை ஈர இழப்பு என்ற தனி வரியில் எழுதுவதும், எவ்வளவு வரை அப்படி எழுதலாம் என்பதை எங்கள் நடைமுறைக் கையேட்டில் முன்கூட்டியே குறித்து வைப்பதும்தான் நாங்கள் கண்ட வழி. வித்தியாசம் வந்த பிறகு காரணம் தேடுவதை அரசுப் பரிசோதகர்கள் ரசிப்பதில்லை.

விற்பனைப் பிரிவினர் இலவசமாகக் கொடுப்பதற்கு மாதிரி கேட்டு வருவது வேறு ஒரு தலைவலி. 2018 ஒக்டோபர் 17ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கஞ்சாச் சட்டம், விற்பவர் பணம் பெறாமல் கஞ்சாவைக் கொடுப்பதைத் தடுக்கிறது. பியர் விற்கும் தொழிலிலிருந்து வந்த ஒருவருக்கு இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் கெட்டவனாகிவிட்டேன்.

அந்த மார்ச் மாதத்துக்கு வருகிறேன். வெளி ஆய்வுகூடத்துக்குப் போன பொதிகள் சரியாக இருந்தன. வைப்பு மாதிரிகளை எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்தேன், அவையும் சரி. மிஞ்சியது எங்கள் தரக்கட்டுப்பாட்டு அறை. அங்கே ஈரப்பத அளவி ஒன்று இருக்கிறது. தேநீர்க் கோப்பையின் அடித்தட்டு அளவான அலுமினியத் தட்டில் ஒரு கிராம் சொச்சத்தைப் பரப்பி மூடினால், உள்ளே சூடேற்றி, குறைந்த எடையிலிருந்து ஈரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும். வெளியே வருவது கருகிய தூள். கமெராப் பதிவை ஓட விட்டுப் பார்த்தபோது, 23ஆம் தேதி பிற்பகலில் ஒரே தொகுதிக்கு அந்த மூடி நான்கு முறை திறந்து மூடப்பட்டிருந்தது. பதிவேட்டில் ஒரு பரிசோதனைதான் இருந்தது.

அந்த அறையில் வேலை செய்தவர் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து வந்துபோன தமிழ்ப் பையன், படிப்பு முடித்த கையோடு சேர்ந்தவர். கூப்பிட்டுக் கேட்டேன். முதல் மூன்று முறையும் அளவு ஏறுமாறாக வந்ததாகவும், தட்டைத் துடைத்துவிட்டு நான்காவது முறை செய்தபோதுதான் சரியாக வந்ததாகவும், அதை மட்டும் எழுதியதாகவும் சொன்னார்.

"மற்ற மூன்றும்?"

"அது கருகிப் போனதுதானே அண்ணா, அதையுமா எழுத வேணும்?"

எனக்குக் கோபம் வந்தது. பிறகு அடங்கிவிட்டது, ஏனென்றால் அந்தப் பதிவுத் தாளில் ஒரு பரிசோதனைக்கு ஒரு கட்டம்தான் இருந்தது, அந்தத் தாளை அமைத்தவன் நான். அளவியின் நினைவகத்தில் தொடக்க எடைகள் அழியாமல் இருந்தன: 1.21, 1.19, 1.20. கூட்டினால் 3.60. இரவு எட்டரை மணிக்கு அந்த எண்களை அச்சிட்டு, கமெராப் பதிவின் நேரங்களையும் அவருடைய எழுத்து மூல விளக்கத்தையும் இணைத்து, கணக்கைத் திருத்தினேன். காவல்துறைக்குப் பேச வேண்டி வரவில்லை. கணக்கு என்று வீட்டில் சொல்லியிருந்தேனே தவிர எதன் கணக்கு என்று அம்மா ஊரில் யாருக்கும் சொல்வதில்லை, மருந்துக் கம்பனி என்பதோடு நிறுத்திக்கொள்வார். அன்றைக்குப் பொலீஸ் வந்திருந்தால் அவருக்கு என்ன சொல்லியிருப்பேன் என்று வண்டியோட்டிக்கொண்டு வரும்போது யோசித்தேன்.

அதன் பிறகு தரக்கட்டுப்பாட்டு அறைக்கு ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் 20 கிராம் தனிப் பையாக, தனி எண்ணோடு கொடுக்கத் தொடங்கினோம். தோற்ற பரிசோதனைக்கும் தாளில் இடம் வைத்தோம். அந்தக் குறிப்பிட்ட தொகுதியின் கடைசிக் குப்பி 2022 ஜூனில் விற்றது. 2023 ஜூலையில் அதன் வைப்பு மாதிரியை அழித்தபோது இரண்டாவது சாட்சியாக நின்றவர் அதே பையன். தராசு 9.71 காட்டியது. நான் பூனை மணல் வாளியை இழுத்து வருவதற்குள் அவர் தாளில் 0.29 என்று எழுதி, காரணம் என்ற கட்டத்தில் ஈரம் என்று நிரப்பி, கையொப்பத்தையும் போட்டுவிட்டிருந்தார்.