ஆயா ரூம்ல ஏசி

எங்க சத்துவாச்சாரி வீட்ல ஏழு பேரு. ஏசி இருக்கறது ஆயா (பாட்டி) ரூம்ல மட்டும்தான், அதனால அக்னி நட்சத்திரம் வந்துட்டா மொத்த குடும்பமும் அங்கதான் பாய் போட்டுப் படுக்குது, வேலூர் வெயில் தெரியும்ல. லைட்ட அணைச்சதும் ஆயா கதை ஆரம்பிச்சிரும், ரெண்டாவது படிக்கிற என் பொண்ணு பதிலுக்கு யூடியூப்ல பாத்ததெல்லாம் சொல்லுவா, நடுவுல எங்க தூங்கறது!

ஆயாவோட பிபி மாத்திரைக்கு இப்ப அவதான் இன்சார்ஜ். ஆயா அவளுக்கு இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் பாத்து வாங்கக் கத்துக் குடுக்குது. ஆனா என் ஒய்ஃபுக்கு இதுல டபுள் வேலை, அத மறைச்சிட்டு கூட்டுக்குடும்பம் சூப்பர்னு பேசறது சும்மா பேச்சு.

பெரியவங்களும் சின்னவங்களும் இப்படி ஒண்ணா இருக்கறதுக்கு வெளிநாட்டுலயும் வழி பண்ணியிருக்காங்க. நெதர்லாந்துல டெவென்டர்னு ஒரு ஊரு. அங்க ஹ்யூமனிடாஸ்னு ஒரு முதியோர் இல்லத்துல காலேஜ் பசங்களுக்கு வாடகையே இல்லாம ரூம் தராங்க, பதிலுக்கு மாசம் 30 மணி நேரம் பெரியவங்களோட இருக்கணும், நர்ஸ் வேலை இல்ல, நல்ல பக்கத்து வீட்டுக்காரனா இருந்தா போதும். சிங்கப்பூர்ல கம்போங் அட்மிரல்டிங்கற குடியிருப்புல பெரியவங்க ஃப்ளாட், குழந்தைங்க காப்பகம், கிளினிக், சாப்பாட்டுக் கடை எல்லாம் ஒரே இடத்துல.

நம்ம காட்பாடி பக்கம் விஐடி பசங்க ரூம் தேடி அலையறாங்க, அதே தெருவுல புள்ளைங்கள ஃபாரின் அனுப்பிட்டு மாடி காலியா கெடக்க ரெண்டு பெரியவங்க மட்டும் இருக்காங்க. “பேச்சிலருக்கு வீடு இல்ல”ன்னு கேட்ல போர்டு வேற.