இன்டர்வியூல க்வார்க்-க்ளூவான் ப்ளாஸ்மா கேட்டா இந்த ஒரு படத்தை வரைங்க

மும்பைல பிஎச்டி இன்டர்வியூக்கு ஹெவி அயான் பிசிக்ஸ் (கனமான நியூக்ளியஸ்களை மோதவிட்டுப் பாக்குறது) படிச்சிட்டு இருக்கவங்களுக்காக எழுதுறேன். அந்த மோதல்ல ப்ரோட்டான், நியூட்ரான் எல்லாம் உருகி, உள்ள இருக்க க்வார்க்கும் க்ளூவானும் சூடான மீடியமா ஆகுறதுதான் க்வார்க்-க்ளூவான் ப்ளாஸ்மா. நான் செம்பூர்ல தங்கி எம்எஸ்சி படிச்சப்ப ப்ராஜெக்ட்டுக்கு இதான் எடுத்தேன், இன்டர்வியூல முக்கால்வாசி நேரம் ஒரே ஒரு ப்ளாட்டைச் சுத்தியே போச்சு, அதனால அதை அடிவரைக்கும் படிச்சிடுங்க.

அமெரிக்கால ப்ரூக்ஹேவன்ல இருக்க ரிக்ங்கிற கொலைடர்ல, ஸ்டார்ங்கிற டிடெக்டர் குழு 2003ல வெளியிட்டது அது. 4லருந்து 6 ஜிஇவி வரைக்கும் டிரான்ஸ்வர்ஸ் மொமென்டம் (பீமுக்குக் குறுக்கா இருக்க மொமென்டம்) இருக்க ஒரு பார்ட்டிகிளை டிரிக்கரா வச்சுக்கிட்டு, அதே ஈவன்ட்ல 2 ஜிஇவிக்கு மேல இருக்க மத்ததெல்லாம் அதுலருந்து எவ்ளோ கோணம் தள்ளி வருதுன்னு பாக்குறாங்க. ப்ரோட்டான்-ப்ரோட்டான்ல 0ல ஒரு பீக், 180 டிகிரில ஒரு பீக், ரெண்டு ஜெட் (ஒரே பக்கமா பாயுற பார்ட்டிகிள் கூட்டம்) எதிரெதிரா கிளம்புறதால. நேருக்கு நேரா மோதுற கோல்டு-கோல்டுல அந்த 180 டிகிரி பீக்கையே காணோம்.

உடனே "ப்ளாஸ்மா முழுங்கிடுச்சு"ன்னு சொல்லி நிறுத்திடாதீங்க ப்ளீஸ். மோதுறதுக்கு முன்னாடியே கோல்டு நியூக்ளியஸுக்குள்ள ஏதாவது மாறியிருந்துச்சான்னு கண்டிப்பா கேப்பாங்க. பதில், டியூட்ரானை (ஒரு ப்ரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த சின்ன நியூக்ளியஸ்) கோல்டோட மோதவிட்ட ரன். அதுலயும் கோல்டு இருக்கு, ஆனா பெரிய சூடான மீடியம் இல்ல, பீக்கும் அப்படியே இருக்கு. அப்போ காரணம் மோதினதுக்கு அப்புறம் உருவானதுதான். எனக்கு இந்த ஒப்பீடுதான் மொத்த சப்ஜெக்ட்லயே அழகான விஷயம்.

அடுத்து, 0 பீக் மட்டும் எப்படி தப்பிச்சதுன்னு வரும். டிரிக்கரா மாட்டுறது பெரும்பாலும் மீடியத்தோட ஓரத்துல பிறந்து வெளிய வர்ற ஜெட், அதோட ஜோடிதான் முழு தூரமும் உள்ள போகணும். எனர்ஜி எங்க போச்சுன்னா, அந்த 2 ஜிஇவிங்கிற மொமென்டம் எல்லையைக் குறைச்சுப் பாத்தா எதிர்ப்பக்கம் மெதுவான பார்ட்டிகிள்களா, அகலமா பரவி மறுபடி தெரியுது.

பேக்ரவுண்ட் சப்ட்ராக்ஷன்ல (ஜெட்டோட சம்பந்தமில்லாத பார்ட்டிகிள்களைக் கழிக்கிறதுல) கவனமா இருங்க, அது தட்டையா இருக்காது, மோதுற பகுதி பாதாம் வடிவத்துல இருக்கதால எலிப்டிக் ஃப்ளோ (பார்ட்டிகிள்கள் ஒரு திசைல அதிகமாவும் அதுக்குக் குறுக்கா கம்மியாவும் வர்றது) வந்து அலை மாதிரி ஏறி இறங்கும். ரிட்ஜ் (0 டிகிரி கிட்ட, பீம் திசைல நீளமா போற மேடு) தெரிஞ்சாலே ப்ளாஸ்மான்னும் சொல்லாதீங்க, 2010ல எல்எச்சி கொலைடர்ல இருக்க சிஎம்எஸ் குழு 7 டிஇவி ப்ரோட்டான்-ப்ரோட்டான்லயே, நிறைய பார்ட்டிகிள் வர்ற ஈவன்ட்ல, அதைப் பாத்துட்டாங்க.

ஃபார்முலா மனப்பாடம் பண்ற நேரத்துல மூணு கர்வையும் (ப்ரோட்டான்-ப்ரோட்டான், கோல்டு-கோல்டு, டியூட்ரான்-கோல்டு) போர்டுல வரைஞ்சு, ரூம்மேட்டுக்குத் தமிழ்லயே சொல்லிப் பாருங்க, எங்க தடுமாறுறீங்களோ அங்கதான் அடுத்த கேள்வி வரும்.