கொடிநாள் வரை: படைவீரர் குடும்ப உதவி மேசைக் குறிப்புகள்

நவம்பர் 1

லைஃப் சர்டிபிகேட் மாதம் பிறந்தாச்சு. ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடாவருடம் தர வேண்டிய சான்று இது. 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே வாசல் திறந்துவிடும். அவர்களில் விடுபட்டவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

ஜீவன் பிரமாண் (இந்தச் சான்றை இணையத்தில் தரும் முறை) படிவத்தில் தப்பு நடப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். கணவரை இழந்தவருக்கு ஓய்வூதிய வகையில் 'குடும்பம்' என்று போடாமல் 'சர்வீஸ்' என்று போட்டுவிடுவது. வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் பழைய பழக்கத்தில் வங்கியைத் தேர்ந்தெடுப்பது. ஸ்பர்ஷுக்கு (பாதுகாப்புத் துறையின் இணைய ஓய்வூதிய முறை) மாறியவர்களுக்கு அது ஸ்பர்ஷ், பி.சி.டி.ஏ. (படைத்துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகம்; பட்டியலில் பிரயாக்ராஜுக்குப் பதில் அலகாபாத் என்ற பழைய பெயர் இருக்கலாம்). மூன்றாவது, ஸ்பர்ஷ் பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண்ணுக்குப் பதில் பழைய பி.பி.ஓ. எண். இவற்றில் ஒன்று பிசகினாலும் சான்று உருவானதாகக் குறுஞ்செய்தி வந்துவிடும், ஸ்பர்ஷில் மட்டும் ஏறியிருக்காது. ஆகவே குறுஞ்செய்தியை நம்பி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சில நாள் கழித்து ஸ்பர்ஷில் நுழைந்து பார்த்தால்தான் வேலை முடிந்தது.

நவம்பர் 4

வயல் வேலையிலும் பாத்திரம் தேய்த்தும் ரேகை தேய்ந்த விரல்களைக் கருவியில் திரும்பத் திரும்ப அழுத்திப் பயனில்லை. முக அடையாளச் செயலிக்குப் போய்விடுங்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் கூடாது. கண்ணாடியைக் கழற்றி, கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அம்மாவிடம் போன் இல்லை என்று தன்னார்வலர் எண்ணையோ பக்கத்து வீட்டுப் பையன் எண்ணையோ பதிவு செய்யாதீர்கள். அடுத்த வருடம் ஓ.டி.பி. யாருக்கோ போய் நிற்கும். பட்டன் போன் போதும், ஆனால் அது அவருடையதாக இருக்க வேண்டும்.

நவம்பர் 9

கணவர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்.

டிஸ்சார்ஜ் புத்தகம் (படையிலிருந்து விடுவிக்கும்போது தருவது), பி.பி.ஓ., ஆதார், பான், வங்கிப் பாஸ்புக். இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனைவி பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நம் ஊரில் சிக்கலே இனிஷியல்தான்: கல்யாணத்துக்கு முன் அப்பா எழுத்து, பின் கணவர் எழுத்து, ஆதாரில் எழுத்தே இல்லை. ஆங்கிலத்தில் ஒரு 'ஹெச்' கூடுதலாக இருந்தாலும் கோப்பு நின்றுவிடும். திருத்தம் ரெக்கார்டு ஆபீஸ் (வீரரின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் படை அலுவலகம்) வழியாகத்தான் நடக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பத்தைச் சரிபார்த்துக்கொண்டு, உறுதிமொழிப் பத்திரத்தோடு அனுப்புங்கள்.

பிறந்த தேதியையும் பாருங்கள். பழைய பி.பி.ஓ.க்களில் மனைவியின் தேதி காலியாகவே கிடக்கும். 80 வயதில் 20 சதவீதம், 85இல் 30, 90இல் 40 என்று கூடுதல் ஓய்வூதியம் ஏறுவது அந்தத் தேதியை வைத்துத்தான்.

நவம்பர் 15

கணவர் இறந்தால் முதலில் ஸ்பர்ஷில் இறப்பைத் தெரிவிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், மனைவியின் ஆதார், பான், பாஸ்புக், போட்டோ கையில் இருக்கட்டும். இறந்த தேதிக்குப் பின் கணக்கில் விழுந்த ஓய்வூதியத்தை எடுக்கக் கூடாது, அது திரும்பப் பிடிக்கப்படும். இறந்த நாள் வரைக்குமான பாக்கி தனியாக வரும்.

இ.சி.ஹெச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டையும் மறக்க வேண்டாம். அதுவரை சார்ந்தவராக இருந்தவர் இனி முதன்மை உறுப்பினர். அட்டையை மாற்ற வேண்டும். மருத்துவமனை வாசலில் நின்று செய்யும் வேலை இல்லை இது.

நவம்பர் 16

"பென்ஷன் குறைஞ்சுபோச்சு" என்று வருபவர்களிடம் முதலில் இறந்த வருடத்தைக் கேளுங்கள். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் தொடக்கத்தில் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம். அந்த உயர்வு விகிதத்துக்குக் கெடு உண்டு, முடிந்ததும் 30 சதவீதம். அது பிழையல்ல. ஆனால் பணியால் நேர்ந்த மரணத்துக்கு 60 சதவீத சிறப்பு ஓய்வூதியமும், போரில் இறந்தவர் குடும்பத்துக்கு முழுச் சம்பள அளவும் உண்டு. அப்படிப்பட்டவருக்கு 30 வருகிறதென்றால் விடாதீர்கள்.

நவம்பர் 22

15 வருடம் முடிக்காமல் வந்த ஜவான்களின் மனைவியர் பலருக்கு ஓய்வூதியமே கிடையாது. ஹவில்தார் தகுதி வரை, 65 வயது கடந்தவர் என்றால் கேந்திரிய சைனிக் போர்டின் (முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய வாரியம்) வறுமை உதவிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம்; மாவட்ட அலுவலகம் சரிபார்க்கும். டிஸ்சார்ஜ் புத்தகம் தொலைந்திருந்தால் படை எண்ணாவது வேண்டும். பழைய கடிதங்களின் அனுப்புநர் முகவரியில் தேடிப்பாருங்கள்.

டிசம்பர் 7

படைவீரர் நலனுக்கு நிதி திரட்டும் கொடிநாள், 1949 முதல். கொடியில் சிவப்பு தரைப்படை, கருநீலம் கடற்படை, வெளிர்நீலம் விமானப்படை. வசூலுக்குப் போகிறவர்கள் கையோடு ரசீது கொடுங்கள். உதவி மேசைச் செலவுக்கு அந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது. ஸ்பர்ஷில் சான்று இன்னும் ஏறாதவர்கள் நாளைக் காலை பி.பி.ஓ.வோடு வரட்டும்.