கணக்கு கிளாஸ்ல எத்தனை பேர் இருக்கலாம்? – நாட்குறிப்பு

ஜூன் 9, திங்கள்

ஆன்லைன்ல இன்னைக்கு எட்டு பேர், எட்டாம் வகுப்பு. 5 − (x − 3) போட்டு விளக்கிட்டு புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் தம்ஸ் அப், அத நான் நம்புறதே இல்ல. ஒருத்தன் சாட்ல 8 − x னு போட்டான், உடனே வரிசையா எல்லாருக்கும் அதே விடை, ஆனா நோட்ட கேமரால காட்டச் சொன்னா பாதி பேர் எழுதியிருக்கிறது 2 − x. 45 நிமிஷத்த எட்டால வகுத்தா ஒரு பிள்ளைக்கு ஆறு நிமிஷம்கூட வராது.

ஜூன் 11, புதன்

விடைய டைப் பண்ணி வைங்க, நான் சொன்னதும் எல்லாரும் சேர்ந்து அனுப்புங்கன்னு சொன்னேன். காப்பி அடிக்கிறது நின்னுடுச்சு. யார் எங்க சறுக்குறாங்கன்னு தெளிவா தெரியுது, ஆனா ஒவ்வொருத்தரா உக்கார வெச்சு சரி பண்ண நேரம் எங்க இருக்கு?

ஜூன் 14, சனி

நாள் முழுக்க இதப் பத்தியே படிச்சேன். 1984ல பெஞ்சமின் புளூம்ங்கிற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் எழுதினது டீச்சருங்க எல்லாருக்கும் தெரியும், தனியா சொல்லிக்கொடுத்த சராசரி பிள்ளை சுமார் 30 பேர் இருக்கிற சாதாரண வகுப்புல 98 சதவீதம் பேர தாண்டிடும்னு. அவ்ளோ பெரிய பலன் பின்னாடி வந்த ஆய்வுகள்ல பொதுவா கிடைக்கல. எனக்கு முக்கியமா பட்டது ஸ்பெயின்ல 2021ல நடந்த ஒரு ஆய்வு: 12-15 வயசுப் பிள்ளைங்க, ஒரு டீச்சருக்கு ரெண்டே பேர், ஆன்லைன் கணக்கு, வாரம் மூணு தடவ 50 நிமிஷம், எட்டு வாரம். மார்க் நல்லாவே ஏறியிருக்கு. அப்ப தனித்தனியாதான் எடுக்கணும்னு கட்டாயம் இல்லல்ல!

ஜூன் 17, செவ்வாய்

ஒரே ஒரு பொண்ணோட கிளாஸ். தப்பு உடனே பிடிபடுது, அது பெரிய விஷயம்தான். ஆனா ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் என் மூஞ்சியப் பாக்குறா, நான் தலையாட்டினாதான் அடுத்த வரி எழுதுறா.

ஜூன் 20, வெள்ளி

அதே பொண்ணு, கூட அவ லெவல்லயே இன்னொருத்தி. நான் மைக்க மியூட் பண்ணிட்டேன். "ஏய் மைனஸ் உள்ள இருக்கிற ரெண்டுக்குமே போகும்டி"ன்னு இவ அவளுக்குச் சொல்றா! எனக்கு அவ்ளோ சந்தோஷம். லெவல் ஒத்துப்போனாதான் இது நடக்கும், வேகமா போடுற பிள்ளையோட சேர்த்தா மத்தது வாயே திறக்காது.

திங்கள்ல இருந்து எட்டு பேர் பேட்ச பிரிக்கிறேன், 3, 3, 2. வயசப் பாத்து இல்ல, எந்த ஸ்டெப்புல நிக்கிறாங்கன்னு பாத்து. எனக்கு நேரம் கூடுதலா போகும், போகட்டும்.